யாழ்ப்பாணத்தில் சமூக, சூழல் பிரச்சினை ஒன்றை முதுமாணி ஆய்வாகச் செய்வது: முழுமையான வழிகாட்டி

வலிகாமத்துத் தோட்டக் கிணறுகளில் இருக்கும் நைத்திரேற்றையும் (பசளையிலிருந்தும் மலசலகூடக் குழிகளிலிருந்தும் நிலத்தடி நீரில் இறங்கும் நைதரசன் சேர்வை), அந்தக் கிணறுகளை நம்பியிருக்கும் குடும்பங்களையும் சேர்த்துப் படித்து என் முதுமாணி ஆய்வை முடித்தேன். அதற்குப் பிறகு இதே வழியில் இறங்கிய பல பிள்ளைகளுக்குப் பக்கத்தில் இருந்து உதவியிருக்கிறேன். தடுக்கி விழும் இடங்கள் எல்லோருக்கும் கிட்டத்தட்ட ஒன்றுதான். பெரும்பாலும் வேலை கடினமாக இருப்பதால் விழுவதில்லை, வரிசை மாறிச் செய்வதால்தான் விழுகிறார்கள்.

ஆகவே இந்த வழிகாட்டி முழுக்க வரிசையைப் பற்றியது. உதாரணத்துக்கு நிலத்தடி நீரை எடுக்கிறேன். கடலட்டைப் பண்ணை, கல்லுண்டாய்க் குப்பை, இழுவைமடிப் படகுகள், சுண்ணக்கல் அகழ்வு என்று உங்கள் தலைப்பு எதுவானாலும் படிகள் பெரிதாக மாறாது.

தொடங்குமுன் கையில் இருக்க வேண்டியவை

குறைந்தது ஒன்றரை வருடம். மோட்டார் சைக்கிள், அல்லது அதை வைத்திருக்கிற, உங்களோடு அலுக்காமல் வரக்கூடிய ஒருவர். எக்செல்லில் ஒரு அட்டவணையைப் பிழையில்லாமல் வைத்திருக்கும் பழக்கம். அடிப்படைப் புள்ளிவிபரம். இதில் கடைசி இரண்டும் இல்லாவிட்டால் விண்ணப்பிப்பதற்கு முன்பே மூன்று மாதம் ஒதுக்கிப் படித்துவிடுங்கள். களவேலை தொடங்கிய பிறகு அதற்கு நேரம் கிடைக்காது.

1. பிரச்சினையையும் இடத்தையும் முதலில் முடிவு செய்யுங்கள்

பலர் முதலில் படிப்பில் சேர்ந்துவிடுகிறார்கள். தலைப்பைப் பிறகுதான் தேடுகிறார்கள். அப்போது அந்தத் துறைக்கு வசதியான தலைப்புத்தான் கிடைக்கும். இரசாயனத் துறையில் சேர்ந்தவருக்கு எல்லாம் தண்ணீர்ப் போத்தலாகத் தெரியும், சமூகவியலில் சேர்ந்தவருக்கு எல்லாம் வினாக்கொத்தாகத் தெரியும்.

குடாநாட்டில் ஆண்டு முழுவதும் ஓடும் ஆறு கிடையாது. வழுக்கியாறு மாரியில் மட்டும் ஓடும். வருடத்துக்கு ஏறத்தாழ 1,250 மில்லிமீற்றர் மழை, அதில் பெரும்பகுதி ஒக்டோபர் முதல் டிசம்பர் வரை. அந்த மழை சுண்ணக்கல்லுக்குள் இறங்கி, உவர்நீருக்கு மேல் ஒரு வில்லைபோல மிதந்து நிற்கிறது. கடல்மட்டத்துக்கு மேல் நன்னீர் ஒரு மீற்றர் நின்றால் கீழே ஏறத்தாழ 40 மீற்றர் ஆழம் வரை நன்னீர் இருக்கும் என்பது பாடநூல் கணக்கு. அப்படியென்றால் மேலே ஒரு சாண் இறங்கினால் கீழே உவர் எட்டொன்பது மீற்றர் ஏறலாம். ஒருவர் கூடுதலாக இறைத்தால் அடுத்த வேலிக்காரரின் கிணறு சவராகும். இங்கே தண்ணீர்ப் பிரச்சினை அயலவர் பிரச்சினையாகவும் இருப்பது இதனால்தான். ஒரு துறை மட்டும் போதாது என்பதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

கேள்வியை ஒரே வசனத்தில் எழுதிப் பாருங்கள். 'யாழ்ப்பாணத்தில் நிலத்தடி நீர் மாசடைதல்' என்பது தலைப்பு மட்டுமே, அதில் கேள்வி இல்லை. 'கடனுக்குப் பசளை வாங்கும் தோட்டக்காரரின் கிணற்றில், கைக்காசுக்கு வாங்குபவரின் கிணற்றைவிட நைத்திரேற்று கூடுதலா?' என்பது கேள்வி. இதற்கு இரசாயனவியலாளர் தனியாகப் பதில் சொல்ல முடியாது, சமூகவியலாளரும் தனியாகச் சொல்ல முடியாது. உங்கள் வசனத்தில் ஒரு துறையை எடுத்துவிட்டாலும் கேள்வி நிற்கிறது என்றால், அந்தத் துறை உங்களுக்குத் தேவையில்லை. அதைச் சும்மா சேர்க்க வேண்டாம்.

அடுத்து இடம். ஒரு கிராம அலுவலர் பிரிவு, அல்லது இரண்டு. அதற்கு மேல் வேண்டாம். முழு மாவட்டத்தையும் எடுத்தவர்கள் எந்தக் கிணற்றடியிலும் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருக்க மாட்டார்கள்.

2. பட்டத்தின் அளவைக் கேள்வியோடு பொருத்திப் பாருங்கள்

இலங்கைத் தகைமைச் சட்டகத்தில் பாடநெறி மட்டும் கொண்ட முதுமாணி 9ஆம் மட்டம், 30 கிரெடிட். ஆய்வும் சேர்ந்த முதுமாணி 10ஆம் மட்டம், 60 கிரெடிட். முதுதத்துவமாணி 11, கலாநிதிப் பட்டம் 12. பிரசுரத்தில் 'முதுமாணி' என்று மட்டும் போட்டிருந்தால் எந்த மட்டம் என்று கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள். பிறகு கலாநிதிப் பட்டத்துக்கு விண்ணப்பிக்கும்போது இந்த வித்தியாசம் முன்னே வந்து நிற்கும்.

மாரிக்கு முன்னும் பின்னும் தண்ணீர் எடுக்க வேண்டிய கேள்வியை 9ஆம் மட்டப் படிப்புக்குள் திணிக்க முடியாது. அப்படி ஒரு படிப்பில்தான் சேர முடிகிறது என்றால் கேள்வியைச் சுருக்குங்கள். ஏற்கெனவே இருக்கிற தரவை வைத்துப் பதில் சொல்லக்கூடியதாக மாற்றுங்கள்.

எங்கே படிப்பது? யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தில் கலைப் பீடமும் விஞ்ஞான பீடமும் திருநெல்வேலியில் இருக்கின்றன, விவசாய பீடமும் பொறியியல் பீடமும் கிளிநொச்சி அறிவியல் நகரில் இருக்கின்றன. இரண்டு துறை மேற்பார்வையாளர்கள் என்றால் ஏ9 வீதியில் அடிக்கடி போய்வர நேரிடும், அதையும் கணக்கில் எடுங்கள். பேராதனையில் விவசாயப் பட்டப்பின் படிப்பு நிறுவனமும் விஞ்ஞானப் பட்டப்பின் படிப்பு நிறுவனமும் உண்டு. அங்கே பதிந்துகொண்டு களத்தை இங்கே வைத்தவர்கள் இருக்கிறார்கள். அப்படிச் செய்தால் தண்ணீர் மாதிரியைக் கண்டி வரை கொண்டுபோவதா, இங்கேயே ஆய்வுகூடம் பார்ப்பதா என்பதை முதல் மாதமே தீர்க்க வேண்டும்.

3. இரண்டு மேற்பார்வையாளர்களையும் ஒரே மேசையில் உட்கார வையுங்கள்

முன்மொழிவு எழுதுவதற்கு முன்பே இது நடக்க வேண்டும். தனித்தனியாகப் போய்ச் சந்தித்தால் இருவரும் தங்கள் துறைக்கு ஒரு முழு ஆய்வைச் சொல்வார்கள். இரண்டு ஆய்வுகளைச் சுமந்துகொண்டு வெளியே வருவீர்கள். ஒரே மேசையில் இருந்தால் ஒருவர் கேட்கும் 200 வினாக்கொத்தையும் மற்றவர் கேட்கும் 60 தண்ணீர்ப் போத்தலையும் ஒரே ஆள்தான் செய்யப் போகிறார் என்பது இருவருக்கும் தெரியவரும்.

அந்தச் சந்திப்பில் ஒரு பக்கத்துக்கு எழுதிக்கொள்ள வேண்டியவை: யார் முதன்மை, எந்த அத்தியாயத்தை யார் முதலில் வாசிப்பது, கருத்து முரண்பட்டால் யார் சொல் இறுதி. பிறகு அதை மின்னஞ்சலாக இருவருக்கும் ஒன்றாக அனுப்புங்கள்.

சொற்களையும் அங்கேயே தெளிவுபடுத்துங்கள். 'மாதிரி' என்ற ஒரு சொல்லை எடுங்கள். ஆய்வுகூடத்தில் இருப்பவருக்கு அது போத்தலில் இருக்கும் தண்ணீர். சமூகவியலாளருக்கு அது தெரிவு செய்த குடும்பங்கள். கணினியில் நீரோட்டத்தைக் கணிப்பவருக்கு அது கணித மாதிரி. 'உங்கள் மாதிரி சிறியது' என்று ஒருவர் சொன்னதை இன்னொரு பொருளில் எடுத்துக்கொண்டு, ஒரு பிள்ளை 250 மில்லிலீற்றர் போத்தலை ஒரு லீற்றர் போத்தலாக மாற்றியதைப் பார்த்திருக்கிறேன். சொன்னவர் குடும்பங்களின் எண்ணிக்கையைத்தான் சொல்லியிருந்தார்.

'நல்ல தண்ணி' என்பதும் அப்படித்தான். ஆய்வுகூடத்துக்கு நியமத்துக்கு உட்பட்ட தண்ணீர், ஊருக்குச் சவர் இல்லாத தண்ணீர். நைத்திரேற்றுக்கு ருசியும் இல்லை, மணமும் இல்லை. ஊர் நல்ல தண்ணி என்று சொல்லும் கிணற்றிலேயே அது கூடுதலாக இருக்கலாம். இந்த இடைவெளி ஒன்றே ஒரு நல்ல அத்தியாயத்துக்குப் போதும்.

4. கால அட்டவணையை மழையிலிருந்து பின்னோக்கிப் போடுங்கள்

பல்கலைக்கழகத் தவணையை வைத்து அட்டவணை போடுவதுதான் நான் பார்த்த பிழைகளில் விலை கூடியது. ஒரு பருவம் தவறினால் ஒரு வருடம் போகும்.

மாரி ஒக்டோபரில் தொடங்கும். ஆகவே முதல் முறை தண்ணீர் எடுப்பது ஓகஸ்ட் அல்லது செப்டெம்பரில். கிணறு மிகவும் இறங்கி நிற்கும் நேரம் அது. இரண்டாம் முறை ஜனவரி, பெப்ரவரியில். ஓகஸ்டில் கிணற்றடிக்குப் போக வேண்டும் என்றால் ஆட்களிடம் தகவல் எடுப்பதற்கான ஒழுக்கநெறி அனுமதி ஜூலையில் கையில் இருக்க வேண்டும். அதற்கு விண்ணப்பம் ஏப்ரலில் போக வேண்டும். அதற்கு முன்மொழிவு பெப்ரவரியில் முடிந்திருக்க வேண்டும். இப்படிப் பின்னோக்கிப் போட்டுப் பாருங்கள். ஜூனில் முன்மொழிவு எழுதத் தொடங்கினால் அந்த வருடம் நழுவிவிட்டது என்று அப்போதே தெரிந்துகொள்ளலாம்.

அப்புறம் ஆட்களின் நாட்காட்டி. நல்லூர்த் திருவிழா 25 நாளும் பின்னேரம் யாரையும் வீட்டில் பிடிக்க முடியாது. தோட்டக்காரரைக் காலை இறைப்பு முடிந்து பத்து மணிக்குப் பிறகு சந்தியுங்கள். வெங்காயம் கிளப்பும் வாரத்தில் பேட்டி கேட்டுப் போகவே வேண்டாம். கடற்றொழிலாளர்கள் என்றால் அவர்கள் கரைக்கு வரும் நேரத்தைச் சங்கத்தில் கேட்டு, மீன் விற்று முடிந்த பிறகு போங்கள்.

5. இருக்கிற தரவைத் தேடி முடித்துவிட்டுக் களத்துக்குப் போங்கள்

மற்றவர்கள் ஏற்கெனவே அளந்ததைத் தெரியாமல் நீங்கள் அளக்கப் போனால் ஒரு பருவம் வீணாகும். மேற்பார்வையாளரின் கடிதத்தோடு முதலில் பிரதேச செயலகம், பிறகு கிராம அலுவலர், பிறகு கமநல சேவை நிலையம் என்று போங்கள். இந்த வரிசைக்குக் காரணம் இருக்கிறது. செயலகத்தின் அனுமதியைக் காட்டினால் விதானையார் (கிராம அலுவலரை ஊரில் இப்படித்தான் சொல்வார்கள்) தயங்காமல் பேசுவார். கமக்காரர் அமைப்பின் தலைவரை யார் என்று சொல்லி, தொலைபேசி எடுத்து உங்களை அறிமுகம் செய்வதும் அவர்தான். மழைத் தரவுக்கு வளிமண்டலவியல் திணைக்களம், நிலத்தடி நீருக்கு நீர்வளச் சபையும் தேசிய நீர்வழங்கல் வடிகாலமைப்புச் சபையும்.

கேட்டும் கிடைக்காத ஆவணத்துக்கு 2016ஆம் ஆண்டின் 12ஆம் இலக்கத் தகவல் அறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. தருவதா இல்லையா என்ற முடிவை 14 வேலை நாட்களுக்குள் சொல்ல வேண்டும். முதலில் நேரில் போய்க் கேளுங்கள். எடுத்த எடுப்பிலேயே சட்டத்தைக் காட்டினால் பிறகு அந்த அலுவலகத்தில் யாரும் உங்களிடம் மனம்விட்டுப் பேச மாட்டார்கள். உங்களுக்கு அந்தப் பேச்சும் தேவை.

பழைய தரவில் கவனிக்க வேண்டிய குழிகள் சில உண்டு.

1981 குடிசன மதிப்பீட்டில் யாழ்ப்பாண மாவட்டம் என்பது கிளிநொச்சியையும் சேர்த்தது. கிளிநொச்சி தனி மாவட்டமானது 1984இல். 1981ஐயும் 2012ஐயும் அப்படியே பக்கத்தில் வைத்து ஒப்பிட்டால் பிழை. இடையில் 1991இல் குடிசன மதிப்பே நடக்கவில்லை, 2001இல் நடந்தது வடக்கில் முழுமையாக நடக்கவில்லை. இந்த இடைவெளியைக் கோடு போட்டு நிரப்பாமல், இடைவெளி என்றே எழுதுங்கள்.

2021இல் இரசாயனப் பசளை இறக்குமதி தடைசெய்யப்பட்டு அதே வருட முடிவில் தளர்த்தப்பட்டது. அந்தக் காலத்துப் பசளைப் பாவனை எண்களைச் சாதாரண வருடமாக எடுக்கக் கூடாது.

பழைய தமிழ் ஆவணங்கள் பல யூனிகோடு அல்லாத பாமினி எழுத்துருவில் இருக்கும். அவற்றை யூனிகோடுக்கு மாற்றும்போது சில எழுத்துகள் இடம் மாறிவிடும். ஊர்ப் பெயர்களையாவது கண்ணால் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

சுண்ணாகத்தில் கிணறுகளில் கழிவெண்ணெய் கலந்த விடயத்தில் 2019இல் உச்ச நீதிமன்றம் தந்த தீர்ப்பை, உங்கள் தலைப்பு எண்ணெய் இல்லாவிட்டாலும் வாசியுங்கள். நீர் மாதிரி அறிக்கைகள், நிபுணர் கருத்துகள், மக்களின் குடிநீர் உரிமை எல்லாம் ஒரே ஆவணத்தில் எப்படி எடைபோடப்படுகின்றன என்பதை அதில் பார்க்கலாம். துறைகளை இணைத்து எழுதுவதற்கு இதைவிட அருகில் ஒரு பாடம் எனக்குத் தெரியாது.

6. ஒழுக்கநெறி அனுமதி

தண்ணீர்தானே எடுக்கிறோம், அனுமதி எதற்கு என்று சிலர் கேட்கிறார்கள். தண்ணீரோடு ஒரு வீட்டின் பெயர், கடன், நோய் எல்லாம் சேர்ந்து வருகிறதே. தரவு எடுத்த பிறகு இந்த அனுமதியைப் பெற முடியாது. உங்கள் பீடத்தில் எந்தக் குழு பார்க்கிறது, எத்தனை மாதத்துக்கு ஒருமுறை கூடுகிறது என்பதை முதலே கேட்டு வையுங்கள்.

சம்மதப் படிவத்தை ஆங்கிலத்தில் எழுதிப் பிறகு மொழிபெயர்க்காமல், நேரே தமிழில் எழுதுங்கள். அதைப் பக்கத்து வீட்டு அம்மாவுக்கு வாசித்துக் காட்டி, என்ன விளங்கியது என்று திருப்பிச் சொல்லச் சொல்லுங்கள். சொல்ல முடியாத வசனங்களை மாற்றி எழுதுங்கள். 2022ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கத் தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இருப்பதால் பெயரும் இடமும் உள்ள கோப்பு ஒன்று, பதில்கள் உள்ள கோப்பு இன்னொன்று என்று முதல் நாளிலிருந்தே பிரித்து வைப்பது நல்லது.

7. இரண்டு துறைத் தரவும் ஒரே கிணற்றடியில் சந்திக்க வேண்டும்

இந்த வழிகாட்டியில் ஒரே ஒரு பகுதியை மட்டும் வாசிப்பதாக இருந்தால் இதை வாசியுங்கள்.

வழமையாக நடப்பது இதுதான். தண்ணீர் 40 கிணறுகளில் எடுக்கப்படும். வினாக்கொத்து வேறு 100 வீடுகளில் நிரப்பப்படும். இரண்டும் ஒரே கிராமம் என்பதால் இணைத்துவிடலாம் என்ற நம்பிக்கை. ஆறு மாதத்துக்குப் பிறகு எக்செல்லைத் திறந்தால் எந்த வீட்டுக்கு எந்தக் கிணறு என்று தெரியாது. ஆய்வேட்டில் 'நீரின் தரம்' என்று ஓர் அத்தியாயம், 'சமூக நிலை' என்று ஓர் அத்தியாயம். முகவுரையிலும் முடிவுரையிலும் மட்டும் இரண்டும் சந்திக்கும். பரீட்சகர் கேட்கும் முதல் கேள்வியும் அதுவாகத்தான் இருக்கும்.

ஆகவே தொடங்கும்போதே ஓர் அலகைத் தெரிவு செய்யுங்கள். எனக்கு அது கிணறு. அட்டவணையில் ஒரு வரி ஒரு கிணறு. நைத்திரேற்று, மின்கடத்துதிறன் (தண்ணீரில் உப்பு எவ்வளவு என்பதைக் காட்டுவது), கிணற்று ஆழம், மலசலகூடக் குழி எத்தனை அடி தள்ளி, என்ன பயிர், எவ்வளவு பசளை, கடன் யாரிடம், குடிக்கிறவர்கள் யார் யார் என்று எல்லாம் அந்த ஒரே வரியில். 30 கிணறுகள், இரண்டு பருவம், 60 போத்தல். ஒரு ஆள் ஒழுங்காகச் செய்யக்கூடிய அளவு அதுதான்.

இங்கே ஒரு சிக்கல் வரும். யாழ்ப்பாணத்தில் தோட்டக் கிணறு பல இடங்களில் பங்குக் கிணறு. காணி உறுதியிலேயே பங்கு எழுதியிருக்கும். நாலைந்து குடும்பங்கள் முறைபோட்டு இறைக்கும். ஒரு கிணற்றுக்கு ஒரு குடும்பத்தைத்தான் கேட்டேன் என்றால் பசளைக் கணக்கு கால்வாசிதான் வரும். எல்லாப் பங்காளர்களையும் கேட்க வேண்டும். முடியாவிட்டால் பங்குக் கிணறுகளைத் தனி வகையாகப் பிரித்து வையுங்கள். வீட்டுக் கிணறு எப்போதும் வேறு வகை. அதைப் பற்றி வீட்டு அம்மாவுக்குத் தெரிந்தது ஐயாவுக்குத் தெரியாது, தோட்டத்தைப் பற்றி என்றால் நிலைமை மறுபக்கமாக இருக்கும். இருவரையும் கேளுங்கள்.

கிணற்றடியில் வரிசை: வணக்கம், அறிமுகம், சம்மதம். பிறகு பேட்டி. கடைசியில் தண்ணீர். இதற்கு இரண்டு காரணங்கள். போத்தலை வெளியே எடுத்த உடனே பேச்சு மாறிவிடும், பசளையைப் பற்றிக் கேட்டால் குறைத்துச் சொல்வார்கள். அதோடு எடுத்த தண்ணீர் உடனே ஐஸ் பெட்டிக்குள் போக வேண்டும், ஒரு மணி நேரம் வெயிலில் நிற்கக் கூடாது.

கேள்வி கேட்கும் விதமும் பழக வேண்டியது. உரும்பிராய்ப் பக்கம் ஒரு ஐயாவிடம் "பசளை எவ்வளவு போடுறனீங்கள்?" என்று கேட்டேன். "எல்லாரும் போடுற அளவுதான் தம்பி" என்றார். சரி என்று எழுதாமல், கொஞ்சம் பொறுத்து, "போன வெங்காயத்துக்கு எத்தினை பாக் யூரியா எடுத்தனீங்கள்?" என்று கேட்டேன். "அது கடைக் கொப்பியில இருக்கும்" என்று சொல்லிவிட்டு உள்ளே போனார். ஓரம் மடங்கி, எண்ணெய் பட்ட ஒரு 80 தாள் கொப்பியைக் கொண்டுவந்து மடியில் வைத்தார். திகதி, பாக், விலை, கொடுத்த காசு, மிச்சம் என்று கடைக்காரரின் கையெழுத்தில் மூன்று போகம் அதில் இருந்தது. அன்றிலிருந்து நான் எந்த வீட்டிலும் அளவைக் கேட்பதை விட்டுவிட்டுக் கொப்பியைக் கேட்கத் தொடங்கினேன். பசளைக் கணக்கும் கடன் கணக்கும் ஒரே தாளில் கிடைத்தன.

கொப்பியிலிருந்து கணக்குக்கு வருவது இப்படி. ஒரு பாக் 50 கிலோ. யூரியாவில் 46 வீதம் நைதரசன். ஆகவே ஒரு பாக்கில் 23 கிலோ நைதரசன். நிலத்தைப் பரப்பில்தான் சொல்வார்கள், 16 பரப்பு ஓர் ஏக்கர். பரப்பை ஏக்கராக எழுதிவிட்ட ஒரு வரி இருந்தால் போதும், உங்கள் சராசரி முழுக்கக் கெட்டுவிடும். கேட்ட அலகிலேயே முதலில் எழுதுங்கள், மாற்றத்தை இன்னொரு நிரலில் கணினி செய்யட்டும்.

காலத்தை வருடம் சொல்லிக் கேட்காதீர்கள். "95 இடப்பெயர்வுக்கு முந்தியா, பிந்தியா?" என்று கேளுங்கள், உடனே ஞாபகம் வரும். வலிகாமம் வடக்கில் 1990இல் வெளிக்கிட்டுப் பல வருடம் கழித்துத் திரும்பியவர்களிடம் '20 வருடப் பயிர் வரலாறு' கேட்க முடியாது. அந்த நிலமும் கிணறும் சும்மா கிடந்த காலத்தையும் ஒரு தகவலாகப் பதியுங்கள். இராணுவம் இன்னும் விடுவிக்காத காணிகளுக்குப் பக்கத்தில் என்றால் விதானையாரிடம் கேட்காமல் கால் வைக்க வேண்டாம்.

யாருடைய கிணற்றில் யார் அள்ளலாம் என்பது இங்கே சாதியோடு பின்னிக் கிடக்கும் விடயம். வினாக்கொத்தில் அதை நேரே கேட்டால் காயப்படுத்துவீர்கள், உண்மையும் வராது. "குடிக்கிற தண்ணி எங்க அள்ளுறனீங்கள், எப்பயிலிருந்து?" என்று கேட்டு, சொன்னதை அப்படியே எழுதுங்கள். நாலு வீடு தாண்டிப் போய் அள்ளுகிறவர் பக்கத்துக் கிணற்றில் ஏன் அள்ளவில்லை என்பது பேச்சின் போக்கில் தானாகவே வரும். வராவிட்டால் விட்டுவிடுங்கள்.

30 கிணறுக்கும் போவதற்கு முன் ஐந்து கிணற்றில் முழு வரிசையையும் செய்து பாருங்கள். வினாக்கொத்தில் மூன்றில் ஒரு பங்கு அப்போது கழிந்துவிடும்.

8. ஆய்வுகூடம்: அலகைக் கேட்காமல் எண்ணை நம்ப வேண்டாம்

மின்கடத்துதிறனையும் வெப்பநிலையையும் கிணற்றடியிலேயே அளவிடுங்கள். கருவியை அன்று காலையே நியமக் கரைசலில் சரிபார்த்திருக்க வேண்டும். நைத்திரேற்றுக்கான போத்தலை 4 பாகை செல்சியசில் வைத்து 48 மணி நேரத்துக்குள் ஆய்வுகூடத்தில் அளந்துவிட வேண்டும். ஆகவே வெள்ளிக்கிழமை தண்ணீர் எடுக்காதீர்கள். ஒவ்வொரு பத்துக்கும் ஒரு போத்தலை இரட்டையாக எடுத்து, வேறு இலக்கம் போட்டுக் கொடுங்கள். இரண்டு விடையும் ஒத்துவருகிறதா என்று பார்க்க வேறு வழி இல்லை.

இனி அலகு. நைத்திரேற்றை இரண்டு விதமாக எழுதுவார்கள், முழு நைத்திரேற்றாக அல்லது அதிலுள்ள நைதரசனாக மட்டும். இரண்டாவதை 4.43ஆல் பெருக்கினால்தான் முதலாவது வரும். உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டி அளவும் இலங்கையின் குடிநீர் நியமமும் லீற்றருக்கு 50 மில்லிகிராம் நைத்திரேற்று. அறிக்கையில் '12' என்று இருந்தால், அது நைத்திரேற்று என்றால் தண்ணீர் நியமத்துக்குள் நன்றாக இருக்கிறது. அது நைத்திரேற்று-நைதரசன் என்றால் 53, நியமத்தைத் தாண்டிவிட்டது.

எனக்கு முதல் பருவ அறிக்கை வந்தபோது அதில் 'நைத்திரேற்று' என்று மட்டும் இருந்தது. இரண்டு வாரம் என் கிணறுகள் எல்லாம் சுத்தம் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். ஆய்வுகூடத்தில் கேட்ட பிறகுதான் அது நைதரசனாகத் தந்த கணக்கு என்று தெரிந்தது. கூடுதல் நைத்திரேற்று முக்கியமாகக் கைக்குழந்தைகளுக்குத்தான் ஆபத்து. அன்று பின்னேரமே, கைக்குழந்தை இருந்த இரண்டு வீடுகளுக்கும் ஓடினேன்.

9. எழுதும்போது அத்தியாயத்தைத் துறைப்படி பிரிக்காதீர்கள்

கேள்விப்படி பிரியுங்கள். 'கடனும் பசளையும்', 'பசளையும் கிணறும்', 'கிணறும் குடிப்பவரும்' என்று மூன்று அத்தியாயம் என்றால், ஒவ்வொன்றிலும் இரண்டு துறையும் வந்தே தீரும். ஏழாம் படியை ஒழுங்காகச் செய்திருந்தால் இது கஷ்டமில்லை, அட்டவணையின் ஒரே வரி அப்படித்தான் இருக்கிறது.

30 கிணறு சிறிய எண்ணிக்கை. ஒன்று கூடும்போது மற்றதும் கூடுகிறது என்பதற்கு மேல் பெரிய உரிமை கொண்டாட வேண்டாம். கூடக்குறைய இருக்கும் இரண்டு மூன்று கிணறுகளை எடுத்து, அவை ஏன் அப்படி என்று பேட்டியிலிருந்து விளக்குங்கள். கடனே இல்லாத ஒரு தோட்டத்தில் நைத்திரேற்று ஏறியிருக்கிறதா? மேல் தோட்டக்காரர் யார், மலசலகூடக் குழி எங்கே, மாட்டுக்கொட்டில் எந்தப் பக்கம் என்று பாருங்கள். எனக்கு மிகவும் பயன்பட்ட பத்திகள் இப்படிக் கணக்குக்கு அடங்காத கிணறுகளிலிருந்துதான் வந்தன.

பேட்டியை எழுதும்போது ஆட்கள் சொன்னபடியே எழுதுங்கள். 'சவர்', 'உவர்', 'கயர்', 'பச்சைத் தண்ணி' எல்லாவற்றையும் 'உப்புத்தன்மை' என்று மாற்றிவிட்டால், அவர்கள் நாக்கால் பிரித்து அறிந்த நாலு வித்தியாசத்தை நீங்கள் ஒன்றாக்கிவிடுகிறீர்கள். ஆய்வேடு ஆங்கிலத்தில் போவதாக இருந்தாலும் மூலத் தமிழைப் பின்னிணைப்பில் வையுங்கள்.

10. முடிவை முதலில் கிணற்றுக்காரருக்குக் கொடுங்கள்

ஆய்வேடு முடியும் வரை காத்திருக்க வேண்டாம். ஒவ்வொரு பருவ அறிக்கையும் வந்து, அலகு சரிபார்த்ததும் இரண்டு வாரத்துக்குள் கொண்டுபோய்க் கொடுங்கள். முதலில் உரிமையாளருக்குத் தனியாக, பிறகு பெயரில்லாமல் கமக்காரர் அமைப்புக் கூட்டத்தில். கூட்டத்தில் முதலில் சொல்லிவிட்டால் யாருடைய கிணறு என்று அந்த நாளே ஊருக்குத் தெரிந்துவிடும். அடுத்த பருவத்துக்கு அந்தப் படலை திறக்காது.

அரைப் பக்கத் துண்டு போதும். கிணற்று இலக்கம், எடுத்த திகதி, நைத்திரேற்று எவ்வளவு, நியமம் எவ்வளவு, என்ன செய்யலாம். கடைசி வரியைத்தான் எல்லோரும் தேடுவார்கள், அதனால் அதைச் சரியாக எழுதுங்கள். கொதிக்க வைத்தால் நைத்திரேற்று போகாது. தண்ணீர் ஆவியாவதால் செறிவு கொஞ்சம் கூடும். வீடுகளில் இருக்கும் சாதாரண பீங்கான் வடிகட்டியாலும் போகாது. 50 மில்லிகிராம் என்ற எல்லை முக்கியமாகப் போத்தல் பால் குடிக்கும் குழந்தைகளைக் காப்பாற்றப் போடப்பட்டது. ஆகவே 50க்கு மேல் இருந்தால் ஆறு மாதத்துக்கு உட்பட்ட பிள்ளைக்கு அந்தத் தண்ணீரில் பால்மா கரைக்க வேண்டாம், தாய்ப்பால் கொடுப்பதை நிறுத்தவும் வேண்டாம். பிரதேசப் பொதுச் சுகாதாரப் பரிசோதகரின் அலுவலகம் எங்கே என்பதையும் அதில் போடுங்கள். கொடுப்பதற்கு முன் அவரிடம் ஒருமுறை காட்டுவது நல்லது.

துண்டைக் கையில் கொடுத்துவிட்டுத் திரும்பி வந்துவிடாதீர்கள். அங்கேயே இருந்து வாசித்துக் காட்டுங்கள். "அப்ப நாங்கள் இவ்வளவு நாளும் குடிச்சது?" என்ற கேள்வி வரும். பெரியவர்களின் உடலில் என்ன நடக்கிறது, குழந்தையின் உடலில் என்ன நடக்கிறது என்ற வித்தியாசத்தை எளிமையாகச் சொல்லப் பழகிக்கொண்டு போங்கள். பிறகு துண்டின் பிரதி ஒன்றைக் கிணற்று இலக்கத்தோடு உங்கள் கோப்பில் வையுங்கள். ஜனவரியில் இரண்டாம் பருவத்துக்குப் போகும்போது, முதல் துண்டைப் பார்த்துவிட்டு அந்த வீட்டில் எது மாறியது என்பதுதான் முதல் கேள்வி.